பலகை வண்டியும் பொதுப்பாதையும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டிக் கீழப்பழுவூரில் நடைபெற்ற கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்திய ஒரு கல்விச் சங்கத்தின் விழாவில் தேர்வு முடிவுகள், உதவித்தொகை, இடஒதுக்கீடு ஆகியவை பற்றிப் பேசுவோர் பலர் உளர். அவற்றை நமக்கு முன் பேசியவர்கள் செவ்வனே எடுத்துரைத்தனர். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைப்போ 'விளையாட்டும் கல்வியும்' என்பது. கபடியைப் பற்றியோ கைப்பந்தைப் பற்றியோ பேசப் போகிறோம் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் எடுத்துக்கொள்வது அவற்றினும் எளிய ஒன்றாகும். கடையில் வாங்காமல், சிறுவர்கள் தம் கையாலேயே செய்து ஓட்டிய பலகை வண்டியே அது. பேரிங் வண்டி என்று சொன்னால் உங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் உடனே அறிந்துகொள்வீர்கள்.

விளையாட்டு வண்டியைப் பற்றி வெள்ளிவிழா மேடையில் பேசுவது எதற்காக என்ற ஐயம் எழலாம். எந்த வண்டியும் ஓடுவதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, அதைச் செய்யத் தெரிந்த கை. மற்றொன்று, அது ஓடுவதற்கு ஒரு பாதை. நம் மக்களுக்குக் கைத்திறன் எக்காலத்தும் குறைவுபட்டதில்லை. பாதைதான் நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தது. இவ்வுண்மையை நூல்களின் வாயிலாக அறிவதற்கு முன்பே எங்களுக்கு உணர்த்தியது அப்பலகை வண்டியே ஆகும்.

பட்டாளக் குடியிருப்பு

எங்கள் தந்தையார் இந்தியத் தரைப்படையில், மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1758ஆம் ஆண்டிலிருந்து தன் தோற்றத்தைக் கணக்கிடும் பழம்பெரும் படைப்பிரிவு அது. அதன் பயிற்சி மையம் 1947 முதல் நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருந்து வருகிறது. எழுபதுகளின் இறுதியில் தந்தையாருக்கு அங்கே குடும்பக் குடியிருப்பு கிடைத்தது. அண்ணன் தம்பியர் இருவர், தங்கை ஒருத்தி என நாங்கள் மூவரும் தாயாருடன் மலையேறினோம். சுமார் நான்காண்டுகள் அங்கே வளர்ந்தோம்.

படைத்துறையும் நம் மக்களும் கொண்ட தொடர்பு பழமையானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியியற் படையிலும் அவர்கள் இருந்தனர். பாலம் அமைப்பதும் பாதை வெட்டுவதும் அப்படையின் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்னின்ன குலத்தாரே போர்க்குணம் உடையவர் என்னும் பொய்க் கொள்கையை வெள்ளையர் அரசு கைக்கொண்டதால், நாட்டின் பல பகுதிகளில் ஒடுக்கப்பட்டோர்க்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. அக்கதவு திறந்திருந்த காலத்தில் உள்ளே சென்ற குடும்பங்களுக்குக் கிடைத்த பெரும்பேறு கல்வியாகும்.

அண்ணல் அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்தது மௌ என்னும் இராணுவ முகாமில் என்பதை நாம் அறிவோம். அவ்வூர் 2003 முதல் டாக்டர் அம்பேத்கர் நகர் எனப் பெயர் பெற்றுள்ளது. அவருடைய தந்தையார் இராம்ஜி சக்பால் சுபேதார் பதவி வகித்தவர்; இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். பட்டாளத்துப் பிள்ளை என்ற பெயர் நமக்கு இழுக்கன்று. அண்ணலும் பட்டாளத்துப் பிள்ளையே.

ஆயினும் பட்டாளக் குடியிருப்பைப் பொன்னுலகமாகக் காட்ட நாங்கள் விரும்பவில்லை. அங்கே பதவி என்னும் மேடு பள்ளம் உண்டு. அதிகாரிகள் வாழ்ந்த பங்களாக்கள் மேட்டில் இருந்தன. சிப்பாய்களின் வரிசை வீடுகள் சரிவில் இருந்தன. சாதியும் அங்கே இறந்துபோய்விடவில்லை. "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளா, வெளியிலா?" என்று விசாரிக்கும்போது அது மெல்லத் தலை நீட்டும். ஆனால் ஒன்று உண்டு. சாலை எவருடையது என்ற கேள்வி அங்கே எழவில்லை. அது படையின் சாலை. அதில் நடக்கவும் ஓடவும் எங்களுக்குத் தடையில்லை. தடை வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்ந்தே வந்தது. வாயிற்காவலில் நின்ற ரெஜிமெண்ட் போலீசார் சீழ்க்கை ஒலித்து விரட்டும்போது, தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எனப் பார்த்து விரட்டியதில்லை; சாதி பார்த்தும் விரட்டியதில்லை. விரட்டுவதிலும் ஒரு சமத்துவம் இருந்தது!

வண்டி பிறந்த விதம்

வெலிங்டனில் சமதரை குறைவு. சாலைகள் யாவும் ஏற்றமும் இறக்கமுமாய், தைல மரங்களினூடே வளைந்து செல்லும். எஞ்சின் இல்லாத வண்டிக்கு இதைவிடச் சிறந்த இடம் வேறில்லை. எங்களுக்கு மூத்த பையன்கள் ஏற்கெனவே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தனர். அவர்களைப் பார்த்து நாங்களும் ஒன்று செய்யத் துணிந்தோம்.

பலகை கிடைப்பது எளிது. படைக்குச் சரக்கு வந்திறங்கும் பெட்டிகளின் மரம் விறகுக்குக் கழிக்கப்படும். தந்தையார் இரண்டு பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தார். அரிது பேரிங்தான். குன்னூர்க் கடைத்தெருவில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. தேய்ந்த பேரிங்குகள் அங்கே ஒரு தகர டப்பாவில் கிடக்கும். பட்டறைக்காரர் சும்மா கொடுக்கவில்லை, காசும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மண்ணெண்ணெயில் உதிரிப் பாகங்களைக் கழுவித் துடைத்து வைக்கச் சொன்னார். மாலையில் டப்பாவைக் காட்டி, "மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

எந்த மூன்றை எடுப்பது? அதையும் அவரே கற்றுக்கொடுத்தார். பேரிங்கின் உள்வளையத்தை விரலில் மாட்டிக் காதருகே பிடித்து வெளிவளையத்தைச் சுழற்ற வேண்டும். வண்டு முரல்வதுபோல் ஒரே சீராக ஒலித்தால் நல்லது. கரகரவென்று ஒலித்தால் உள்ளிருக்கும் குண்டுகள் பொரிந்துவிட்டன என்று பொருள். உராய்வு என்னும் பாடத்தை எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது அதற்கு ஈராண்டுகள் கழித்தே. பொருளின்மேல் பொருள் வழுக்கிச் செல்வதைவிட உருண்டு செல்வது எளிது; அதனால்தான் இரு வளையங்களுக்கிடையே எஃகுக் குண்டுகளை வைத்தனர். வண்டி அச்சுக்கு இத்தகைய குண்டுகளைப் பயன்படுத்தும் முறைக்கு வேல்சு நாட்டுப் பிலிப் வான் என்பவர் 1794இல் காப்புரிமை பெற்றார் என்பதைப் பின்னாளில் படித்தோம்.

வண்டியின் அமைப்பைக் கூறுகிறோம்; இளைஞர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். உட்காரும் பலகை ஏறத்தாழ மூன்றடி நீளம். அதன் பின்பக்கம் அடியில் ஒரு குறுக்குக்கட்டை அசையாமல் ஆணி அடிக்கப்பெறும். அதன் இருமுனைகளையும் உளியால் உருட்டிச் செதுக்கிப் பேரிங்கின் உள்வளையத்தை இறுக மாட்ட வேண்டும். தரையில் உருள்வது வெளிவளையம். முன்பக்கம் மற்றொரு குறுக்குக்கட்டை; இது அசைய வேண்டும். ஆதலால் ஆணி கூடாது. நடுவில் ஒரே ஒரு மரையாணி. அக்கட்டையின் நடுவே வெட்டிய பிளவில் மூன்றாவது பேரிங் நிற்கும். கட்டையின் இருபுறமும் கயிறு கட்டிக் கடிவாளம்போல் பிடித்துக்கொண்டால் வண்டி திரும்பும். மரையை மிக இறுக்கினால் வண்டி திரும்பாது, தளர்த்தினால் தலையாட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கையே அறிய வேண்டும். அதை எந்தப் புத்தகமும் சொல்லாது.

நிறுத்துவதற்குப் பழைய இரப்பர்ச் செருப்பின் அடித்தோலை ஒரு கட்டையில் அறைந்து, பின்சக்கரத்தின்மேல் அழுத்துமாறு வைத்தோம். அது தேய்ந்துவிட்ட நாட்களில் எங்கள் கால்களே தடையாயின. அதனால் தாயாரிடம் பெற்ற அர்ச்சனைகளை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

மேட்டுச் சாலையில்

எங்கள் கூட்டம் ஆறு பேர். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தாய்மொழி. ஆகவே வண்டிக்குரிய மொழியாக அணிவகுப்பு மைதானத்தில் நாள்தோறும் கேட்ட இந்துஸ்தானிக் கட்டளைகளையே வைத்துக்கொண்டோம். 'தேஜ் சல்' என்றால் தள்ளு, 'தம்' என்றால் நிறுத்து, 'தாஹினே' வலப்பக்கம், 'பாயே' இடப்பக்கம். வளைவில் ஒருவன் நின்று, கீழிருந்து வண்டி ஏதும் வருகிறதா என்று பார்த்துச் சைகை காட்டுவான். அவன் கை உயர்ந்தாலன்றி மேலிருந்து ஒருவரும் புறப்படக் கூடாது.

இறங்கும்போது எழும் ஓசை இன்றும் செவியில் நிற்கிறது. தார்ச்சாலையில் மூன்று எஃகு வளையங்கள் உருள, கடகடவென்ற ஓசை பல்லையும் எலும்பையும் அதிரச் செய்யும். கண்ணில் நீர் வரும். தரை அரையடித் தொலைவில் பாய்ந்து செல்வதால் உண்மையான வேகத்தைவிட மும்மடங்கு வேகம்போல் தோன்றும். வளைவில் உடலை உட்புறமாகச் சாய்க்கவில்லையெனில் வண்டி ஒருபுறம், ஆள் ஒருபுறம். இயங்கும் பொருள் நேர்க்கோட்டிலேயே செல்ல விழையும் என்னும் நியூட்டனின் விதியை முழங்கால் சிராய்ப்பால் கற்றவர்கள் நாங்கள்.

ஒருமுறை வளைவின் நடுவே பின்சக்கரம் ஒன்று கழன்று தனியே ஓடிப் பள்ளத்தில் வீழ்ந்தது. ஓட்டிய பையனுக்கு முழங்கையில் காயம். காரணம் யாது என்று எங்களால் அறியக்கூடவில்லை. படையின் தச்சர் ஒருவர் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். மழைக்காலத்தில் ஊறிப் பருத்த மரம், வெயில் வந்ததும் காய்ந்து சுருங்கியதால் வளையம் தளர்ந்தது என்றார். அச்சின் முனையைச் சிறிது பிளந்து, வளையத்தை மாட்டியபின் அப்பிளவில் ஓர் ஆப்பை இறுக்கி அடித்துக் காட்டினார். அதன்பிறகு அச்சக்கரம் கழன்றதேயில்லை. பழுது நேர்ந்தால் காரணம் தேடு, காரணம் அறிந்தால் மாற்றுச் செய் என்பது அறிவியலின் முதற்பாடமன்றோ!

வண்டியைவிட முக்கியமானது வண்டியின் சட்டம். கீழிறங்குவது அரை நிமிடம். மேலே இழுத்து வருவது பத்து நிமிடம். எனவே சட்டம் இதுதான்: மேலே இழுத்து வந்தவனுக்கே அடுத்த சவாரி. ஒருவர் இருமுறை தொடர்ந்து ஏறக் கூடாது. எவர் வீட்டுப் பலகை, எவர் கொண்டுவந்த ஆணி என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ஒருநாள் அதிகாரி ஒருவரின் மகன் கடையில் வாங்கிய பெடல் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். பளபளப்பான வண்டி, சமதரையில் அழகாக ஓடும். எங்கள் வண்டியின் வேகத்தைக் கண்டதும் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டான். எங்களுக்குள் ஒரு தயக்கம். தந்தையின் மேலதிகாரி வீட்டுப் பிள்ளையாயிற்றே! எங்கள் தங்கைதான் முந்திக்கொண்டு, "முதலில் இழுத்து வா, பிறகு ஏறு" என்றாள். அவன் மறுபேச்சின்றிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான். வேர்த்து வந்து நின்றவனுக்கு முறைப்படி சவாரி கிடைத்தது. மறுநாள் பெடல் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தான்.

எங்கள் அறுவரிலும் வண்டியைச் செம்மையாக ஓட்டியவள் தங்கையே. ஆண்பிள்ளைகள் வேகத்தைப் பார்த்தனர். அவள் பாதையைப் பார்த்தாள். பெண்பிள்ளைக்கு இது ஆகுமா என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோது, "விழுந்தால் எழுந்துகொள்வாள்" என்று தந்தையார் விடையிறுத்தார்.

உலகப் பிள்ளைகள்

இத்தகைய வண்டி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டுச் சிறுவர்கள் இதே பேரிங் வண்டியை 'ரோலிமா' என்று அழைக்கின்றனர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில், பெருமந்தக் காலமாகிய 1933இல், சிறுவர்கள் பெட்டி மரத்தால் செய்த வண்டிகளில் சரிவில் போட்டியிடுவதை மைரன் ஸ்காட் என்ற செய்தித்தாள் நிழற்படக்காரர் கண்டார். அவர் முயற்சியால் 1934இல் அது நாடளாவிய போட்டியாயிற்று. அடுத்த ஆண்டே அக்ரன் நகருக்கு மாறியது. அங்கும் முதலில் ஆண்பிள்ளைகளுக்கே இடம். 1971இல்தான் பெண்பிள்ளைகள் அனுமதிக்கப்பட்டனர். 1975இல் ஒரு சிறுமியே முதற்பரிசை வென்றாள். 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் பொறியின் எஞ்சினைச் சிறு சட்டத்தில் பொருத்தி ஓட்டினார். கோ-கார்ட் என்னும் பந்தய வண்டி அவ்வாறு பிறந்தது. அது கடல் கடந்து இங்கிலாந்தில் பரவுவதற்கு அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்க விமானப்படையினர் துணைபுரிந்தனர். பட்டாளத்துக்கும் சிறுவண்டிக்கும் எங்கும் ஓர் உறவு இருந்திருக்கிறது!

ஊர் திரும்பியபின்

1982இல் தந்தையார் ஓய்வு பெற்றார். இரயிலேறி அரியலூரில் வந்திறங்கினோம். அன்று இப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டமும், பின்னர் 2007இல் இன்றைய அரியலூர் மாவட்டமும் அமைந்தன. பலகையை மலையிலேயே விட்டுவிட்டோம். மூன்று பேரிங்குகள் மட்டும் தந்தையாரின் கறுப்பு டிரங்குப் பெட்டியில், கிரீசு தடவிய துணியில் பொதிந்து வந்தன.

கீழப்பழுவூருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரின் காலனியில் குடியேறினோம். ஊரின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. புதுப்பலகை தேடி வண்டி செய்தோம். காலனித் தெருவில் இறக்கியதும் மூன்று வளையங்களும் மணலில் புதைந்தன. அப்போதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கிற்று. சிறிய கடினமான சக்கரத்துக்குக் கடினமான தரை வேண்டும். காலனிப் பிள்ளைகள் இதை எங்களுக்கு முன்பே அறிந்தவர்கள். நுங்கு எடுத்த காய்கள் இரண்டை ஒரு குச்சியால் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளி ஓட்டினர். மிதிவண்டியின் பழைய டயரைக் கோலால் தட்டி ஓட்டினர். மணலில் அவை புதைவதில்லை. இருக்கும் தரைக்கேற்ப வண்டி செய்துகொண்ட அவர்களுடைய அறிவு எங்களுடையதற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. தரையை மாற்ற முடியாதா?

நெடுஞ்சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் விரைந்தன. அங்கே விளையாடுவது உயிருக்கு உலையாகும். எஞ்சியது ஊர்த்தெரு ஒன்றே. அரசுப் பணத்தில் போடப்பட்ட நல்ல தார்ப்பாதை. ஒருநாள் மாலை காலனிப் பிள்ளைகள் நால்வரோடு வண்டியை அங்கே கொண்டுசென்றோம். பத்து கசம்கூட ஓடியிராது. திண்ணையிலிருந்த ஒருவர் எழுந்து வந்து கயிற்றைக் காலால் மிதித்தார். அடிக்கவில்லை, உரக்கப் பேசவுமில்லை. "நடந்து போங்கடா, வேண்டாமென்று சொல்லவில்லை. வண்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போங்கள்" என்றார். காலனி ஆண்கள் அத்தெருமுனையில் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு செல்வதன் பொருள் எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. எவரும் ஒன்றும் பேசாமல் வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தோம். நான்காண்டுகள் வண்டி எங்களைச் சுமந்தது. அன்று நாங்கள் வண்டியைச் சுமந்தோம்.

தந்தையார் போரையும் கண்டவர். ஆதலால் கோபத்தை அடக்கத் தெரிந்தவர். எங்கள் மூவரையும் விளக்கருகே அமர்த்தி, தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார். "நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். கையெழுத்து அழகாக இருக்கட்டும்" என்றார். காலனிக்குச் சாலை வேண்டும் என்ற மனு அது. எங்கள் முதற் கட்டுரைப் பயிற்சி அதுவே என்று சொல்லலாம். அதன்பின் மனுக்கள் தொடர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் படி எடுத்து, தேதியிட்டு, கோப்பில் சேர்த்து வைத்தார். நான்காம் ஆண்டில் காலனிக்குக் கப்பிச் சாலை வந்தது. பின்னர் அதன்மேல் தார் விழுந்தது. அப்போது எங்களுக்கு வண்டியோட்டும் வயது கடந்துவிட்டது. ஆனால் இளைய பிள்ளைகள் ஓட்டினர். அந்த மூன்று பேரிங்குகளும் அவர்கள் கைக்குச் சென்றன.

வண்டியும் வரலாறும்

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. நம் மக்களின் விடுதலை வரலாற்றைப் புரட்டினால் வண்டியும் பாதையும் மீண்டும் மீண்டும் வரக் காண்கிறோம்.

திருவிதாங்கூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, ஒடுக்கப்பட்டோர் வண்டியேறிப் பொதுப்பாதையில் செல்லக் கூடாது என்றிருந்த காலத்தில், 1893இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தூய உடையும் தலைப்பாகையும் அணிந்து, அதே பாதையில் ஓட்டிச் சென்றார்.

1901ஆம் ஆண்டளவில் சிறுவராயிருந்த அம்பேத்கர், தம் தமையனாருடனும் தமக்கையின் பிள்ளைகளுடனும் தந்தையாரைக் காண இரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார். புத்தாடையும் புதுத்தொப்பியும் அணிந்த அப்பிள்ளைகள் மகார் வகுப்பினர் என்றறிந்ததும் வண்டிக்காரர் எவரும் வர இசையவில்லை. இறுதியில் ஒருவன், இரட்டைக் கூலி கொடுத்து வண்டியைப் பிள்ளைகளே ஓட்டுவதானால் தான் உடன் நடந்து வருவதாகக் கூறினான். இரவு முழுதும் குடிக்க நீரின்றித் தவித்தனர். இராணுவ முகாமில் பிறந்த பிள்ளை, வெளியுலகின் பாதையில் கண்ட முதல் அனுபவங்களுள் அது ஒன்று. 1929இல் சாலிஸ்காவில், அவர் மேல்நாட்டுப் பட்டங்கள் பெற்று வழக்கறிஞராயிருந்தபோதும், குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றிச் செல்ல மறுத்தனர். நம் மக்களுள் வண்டியோட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட நேர்ந்தது. பாலத்தின்மேல் வண்டி நிலைதடுமாறி, அண்ணல் தூக்கியெறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அவரே பதிவு செய்துள்ளார். கடிவாளம் பிடிக்க நம் மக்களுள் ஒருவருக்குத் தெரியாமற்போனதன் விலை அது. ஆகவே பாதையும் வேண்டும், கைத்திறனும் வேண்டும்.

நம் தமிழகத்தில், பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, பொதுச்சாலையைப் பயன்படுத்துவதில் சாதி காரணமாகத் தடை கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவற்றுக்குக் காவலாக வந்தன. எங்கள் வண்டி தலையில் ஏறியது இவற்றுள் முதல் மூன்றும் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் என்பதை மறவாதீர்கள். ஏட்டிலுள்ள பாதை தெருவுக்குத் தானே வந்துவிடுவதில்லை.

அது தெருவுக்கு வந்த விதத்தையும் கண்டோம். 1991இல் அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் ஊரகப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். 2001-02ஆம் கல்வியாண்டு முதல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கு மேல்நிலை வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வழங்கலாயிற்று. பின்னர் அது பிறர்க்கும் விரிந்தது. எந்தத் தெருவில் எங்கள் கயிறு மிதிக்கப்பட்டதோ, அதே தெருவில் எங்கள் காலனிப் பெண்பிள்ளைகள் புத்தகப்பையுடன் வரிசையாக மிதித்துச் சென்றனர். ஒருத்தியும் இறங்கவில்லை. இறங்கச் சொல்ல ஒருவரும் எழவில்லை. எங்கள் தங்கையோ கிராம சுகாதாரச் செவிலியராகி, மொபெட்டில் அத்தெருவின் ஒவ்வொரு வாசலிலும் நின்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாள்.

இளைஞர்க்குச் சில சொற்கள்

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பலரை மேட்டுக்கு இழுத்து வந்துள்ளது. மாலை வகுப்பிலும், நூலகத்திலும், விண்ணப்பம் நிரப்பித் தந்த கைகளிலும் அவ்வுழைப்பைக் காணலாம். இதனால் வேலை பெற்றோர் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கின்றனர். அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. சவாரி முடிந்ததும் கயிற்றைத் தோளில் போடுங்கள். நன்கொடை அனுப்புவது நன்று. நேரில் வருவது அதனினும் நன்று. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்கள் அறிந்த ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்.

சங்கக் கட்டடத்தின் பின்புறக் கொட்டகையில் ஒரு சிறு பட்டறை அமைக்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். இரம்பம், உளி, சுத்தியல், திருப்புளி, துளையிடும் கருவி ஆகியவை போதும். செலவு பெரிதன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும் சமமாக, அங்கே ஒரு வண்டியையோ, நாற்காலியையோ, மின்விளக்குச் சுற்றையோ தாமே செய்து பார்க்கட்டும். கைபேசியில் வண்டி ஓட்டும் விளையாட்டில் விழுந்தாலும் வலிப்பதில்லை. ஆகவே வீழ்ந்ததன் காரணத்தை எவரும் தேடுவதில்லை. கையால் செய்தவனே காரணம் தேடுவான். நம் கீழப்பழுவூரிலேயே அரசினர் பல்தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதன் வாயிலைத் தயக்கமின்றி நாடும் துணிவு அத்தகைய பட்டறையில்தான் பிறக்கும்.

மற்றொன்றையும் வலியுறுத்துகிறோம். சிமெண்டு ஆலைகளுக்குக் கல் சுமக்கும் லாரிகள் இரவும் பகலும் ஓடும் மாவட்டம் இது. பிள்ளைகள் நெடுஞ்சாலையில் விளையாடக் கூடாது. ஆனால், விளையாடாதே என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு காலனியிலும் பிள்ளைகளுக்கென ஒரு திடலும், நல்ல சாலையும் உண்டா என்று சங்க உறுப்பினர்கள் கணக்கெடுங்கள். இல்லாத இடத்துக்கு மனு எழுதுங்கள். அம்மனுவைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். கிராமசபையில் அதைப் படிக்கச் செய்யுங்கள். படி எடுத்து, தேதியிட்டு, கோப்பில் வையுங்கள்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இச்சங்கம் பொன்விழாக் கொண்டாடும்போது, இம்மேடையில் நிற்கப்போவோர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள். அவர்களுள் எவரும் தம் வண்டியைத் தலையில் சுமந்த கதையைச் சொல்ல நேராதிருக்கட்டும். எத்தனை பேரை மேட்டுக்கு இழுத்து வந்தோம் என்ற கணக்கையே அவர்கள் சொல்லட்டும். அதற்குரிய வேலையை வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோமாக.